சோழகமும் வாடையும்

2024 ஜூலை 6, சனி

யாழ்ப்பாணத்தின் வடகரை மீன்பிடி ஊரான மயிலிட்டியைப் பற்றி நான் எழுதும் கதையின் மூன்றாவது படியை இன்று முடித்தேன். 1990 இல் அம்மாவின் குடும்பம் அங்கிருந்து இடம்பெயர்ந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. 2017 ஜூலையில் இராணுவத்தின் பிடியிலிருந்து துறைமுகம் விடுவிக்கப்படும் வரை, கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் இணுவிலில் வளர்ந்த எனக்கு அந்த ஊர் அம்மாவின் வாய்ச்சொல்லாகவே இருந்தது. அதனால்தானோ என்னவோ, கதையில் குசினியும் கிணற்றடியும் உயிரோடு இருக்க, கடல் மட்டும் நாடகத் திரைச்சீலையைப் போலத் தொங்குகிறது.

ஜூலை 7, ஞாயிறு

மாமாவோடு மயிலிட்டிக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். அம்மப்பாவின் பெயரை மாமா சொன்னதும், “அவற்ற பேத்தியே? இரு பிள்ளை” என்று மீன்பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டார். என்னைவிட நன்றாக எழுதக்கூடிய ஒருவர் அந்தப் பெயரில்லாமல் வந்திருந்தால் நின்றபடியே திரும்பியிருப்பார் என்பது எனக்கு உறுத்துகிறது.

தென்மேற்குக் காற்றான சோழகத்தைப் பற்றி என் கதையில் வரும் ‘சோழகம் வீசியதால் வள்ளங்கள் கரையில் கிடந்தன’ என்ற வரியை வாசித்தேன். அவர் சிரித்தார்.

“சோழகம் எங்களுக்குக் கரையிலயிருந்து கடலுக்கு அடிக்கிற காத்தெல்லோ. வாடைக்குத்தான் இந்தக் கரையில தொழில் படுக்கும்.”

வாடை வடகிழக்கிலிருந்து, கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்று. இணுவிலில் சோழகம் எங்கள் வாழைகளை முறித்துப் போடும். அதைப் பார்த்து வளர்ந்த நான் வடக்குக் கடலையும் அந்த வளவுக்குள் வைத்தே எழுதியிருக்கிறேன். வள்ளத்தில் ஒருமுறை ஏற்றுவீர்களா என்று கேட்டதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை.

ஜூலை 18, வியாழன்

1966 இல் ‘மல்லிகை’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கிய எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாண நகரில் சலூன் நடத்தியவர். முடி வெட்ட வந்து உட்கார்ந்தவர்களின் பேச்சு, பல்கலைக்கழகக் கதிரையில் இருந்த ஒருவரைத் தேடிப் போயிருக்காது. ஆனால் அதை வெறும் வாய்ப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தத் தொழிலோடு சேர்த்துச் சாதி தந்த அவமானத்தையும் அவர் சுமந்தார். நானோ ஒரு சலூனில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பேச்சுக் கேட்கவே முடியாதவள். (மாமாவுக்கு இது பெரிய பகிடி.)

வள்ளக் காட்சியை முழுவதுமாக வெட்டிவிட்டேன். இப்போது கதை விடியாத கரையில், மீன் பறியோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. பாரத்தோடு வரும் வள்ளத்தின் எஞ்சின் சத்தத்தை இருட்டிலேயே பிரித்தறிவோம் என்று அம்மா முன்பொருமுறை சொல்லியிருந்தாள். அது எப்படிக் கேட்கும் என்று இன்றிரவு கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, கண்ணை மூடி, அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினாள்.