ரத்தான வழக்கும் எச்-4 விசாவும்

என் மனைவி எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவின் நியூஜெர்சிக்குப் போனபோது மகளுக்கு இரண்டு வயது. அவர்கள் இருவரும் கிளம்பிவிட்டார்கள், எச்-1பி-யில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தரும் எச்-4 விசா இன்னும் எடுக்காமல் நான் மட்டும் ஊரில் இருந்தேன். எல்லாம் ஒரு வரப்புத் தகராறால் வந்தது. 2019-ல் சித்தப்பாவோடு கைகலப்பாகி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) (ஆபாசத் திட்டு, அடி, மிரட்டல்) பிரிவுகளில் என் மேல் எஃப்.ஐ.ஆர். பதிவானது. கைதாகி ஜாமீனில் வந்தேன்.

இரண்டு வருடத்தில் குடும்பத்துக்குள் சமாதானமாகிவிட்டோம். ஆனால் 294(பி) என்பது கீழ்க்கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ளக்கூடிய பிரிவு அல்ல. அதனால் வழக்கை ரத்து செய்யக் கேட்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-ன் கீழ் (இப்போது அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டத்தில் 528) உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனோம். நானும் சித்தப்பாவும் ஒரே பஸ்ஸில்தான் ஒத்தக்கடையில் போய் இறங்கினோம். எஸ்.ஐ. வந்து எங்களை அடையாளம் காட்டினார். சித்தப்பா மஞ்சப்பையிலிருந்து ஆதாரை எடுத்து நீட்டும்போது அவர் கை நடுங்கியது. வெளியே வந்ததும், "பிள்ளையப் போய்ப் பாருடா, எத்தனை நாளைக்கு போன்லயே பார்ப்ப" என்றார். இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

வழக்கு ரத்தானதும் ஸ்டேஷன் பதிவு தானாக மாறிவிடும் என்று நம்பினேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது 'வழக்கு நிலுவை' என்றே போலீஸ் அறிக்கை போனது. உத்தரவின் சான்றிட்ட நகலை ஸ்டேஷனில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, அதைச் சரிசெய்வதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. உத்தரவு வந்த வாரமே இதை முடித்துவிடுங்கள். நகல் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.

அப்புறம் டிஎஸ்-160 என்ற அமெரிக்க விசா விண்ணப்பப் படிவம். எப்போதாவது கைது செய்யப்பட்டதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா, பிறகு மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள் என்று அதில் ஒரு கேள்வி வரும். படிவம் நிரப்பித் தந்தவர், "கேஸ்தான் ரத்தாயிடுச்சே சார், நோ போட்டுருவோம்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. வழக்கு ரத்தானாலும் நான் கைதானது நடந்த விஷயம். மறைத்தது தெரிந்தால் அந்தப் பொய்க்காகவே ஆயுளுக்கும் அமெரிக்கக் கதவு மூடிவிடலாம். 'யெஸ்' போட்டு, எந்தத் தேதி, என்ன பிரிவுகள், வழக்கு எப்படி முடிந்தது என்று நான்கு வரி எழுதினேன்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் அதிகாரி முதலில் அதைத்தான் கேட்டார்.

"யாரோடு சண்டை?"

"அப்பாவின் தம்பியோடு."

"இப்போது?"

"போன வாரம்கூட அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன்."

கூடுதல் ஆவணம் வரும்வரை விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) சீட்டு ஒன்றைக் கொடுத்து, எஃப்.ஐ.ஆரும் உத்தரவும் கேட்டார். தமிழில் இருந்த எஃப்.ஐ.ஆரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சேர்த்தே கொடுத்தேன். ஐந்து வாரம் தினமும் விசா நிலவரத்தைத் திறந்து பார்ப்பதே வேலையாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை 'இஷ்யூட்' என்று மாறியது.

நியூவார்க்கில் இறங்கும்போது ஃபைல் கைப்பையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை. வெளியே மகள் என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். கார் வரை நடந்த பிறகுதான் என் விரலைப் பிடித்தாள். அடுத்த முறை விசா எடுக்கும்போதும் அதே கேள்விக்கு அதே 'யெஸ்'தான் போட வேண்டும். ஃபைலை அலமாரியில் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன்.