குளிரூட்டிய நோயாளியின் மெதுவான நாடி

நின்றுபோன இதயத்தை மீட்டெடுத்து, ஆனால் நினைவு திரும்பாமல் ஐசியுவுக்கு வருகிறவர்களின் உடலைக் குளிர வைக்கிற சிகிச்சையைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அது மூளையை எப்படிக் காப்பாற்றுகிறது என்றுதான் எல்லோரும் கதைப்பார்கள். இதயத் துடிப்பை அது என்ன பாடு படுத்துகிறது என்பதை, கட்டில் பக்கத்தில் இரவு முழுக்க நிற்கிற தாதிக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை. மட்டக்களப்பில் ஐசியு தாதியாக வேலை செய்து பார்த்ததையும், அப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

உடல் 33 பாகையில் இருக்கும்போது நாடி 40, 45 என்று ஓடுவது சாதாரணம். இதயத்துக்குத் தாளம் போட்டுக் கொடுக்கிற கலங்கள் குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். நாடியை ஏற்றக் கொடுக்கிற அத்ரோபீன் போட்டாலும் பெரிதாக ஏறாது, ஏனென்றால் அந்த மருந்து இதயத்தை மெதுவாக்குகிற வேகஸ் நரம்பைத்தான் அடக்கும், இங்கே காரணம் அந்த நரம்பு இல்லை, குளிர். அதோடு ஒவ்வொரு பாகை குறையும்போதும் உடலின் ஒட்சிசன் தேவையும் ஏழெட்டு சதவீதம் அளவில் குறைகிறது, கேட்பது குறைவு என்பதால் இதயமும் குறைவாகவே கொடுக்கிறது. பிரஷர் விழாமல் நிற்கிறது, சிறுநீர் போகிறது, லக்டேட் (ஒட்சிசன் போதாதபோது இரத்தத்தில் கூடுகிற பொருள்) ஏறவில்லை என்றால் அந்த 44-ஐ அப்படியே விடுங்கள். குளிரில் நாடி நன்றாக மெதுவானவர்கள் பிறகு நல்லபடி தேறியதாக ஆய்வுகள்கூட உண்டு. மெதுவானதால்தான் தேறினார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த எண்ணைத் துரத்தி மருந்து ஏற்றத் தேவையில்லை என்று நம்புவதற்கு இது போதும்.

சொந்தக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். ஒரு அம்மா, கணவரின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, கை ஐஸா கிடக்கு, ஒரு போர்வ போட்டு உடட்டா?" என்று கேட்டார். மொனிட்டரில் 60-க்குக் கீழே போனால் ஆபத்து என்று யாரோ வெளியே சொல்லியும் விட்டிருக்கிறார்கள். "இது நாங்கள் செய்கிற குளிர் அம்மா, நாடி குறைவது அதற்குள் அடங்கியதுதான், நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள்" என்றேன். அவர் பிடித்துக்கொண்டு இருந்தார். போர்வையைவிட அது நல்லது, ஏனென்றால் கையும் காலும் கொஞ்சம் சூடாக இருந்தால் நடுக்கம் குறையும்.

நடுக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆட்களை ஏமாற்றுவது அதுதான். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உடம்பு ஆடும்வரை காத்திருக்காதீர்கள், தாடையின் பக்கவாட்டில் இரண்டு விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு முதலில் அங்கேதான் தெரியும். அதே நேரம் ஈசிஜி கோட்டைப் பாருங்கள், அடிக்கோடு முழுக்கச் சிறு சிறு முள்ளாக இருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வருகிற சிறு மேடான பி அலை எங்கே என்று தேட முடியாது, மொனிட்டர் அந்த முட்களையும் சேர்த்து எண்ணி 130, 140 என்று அலாம் அடிக்கும். புதிதாக வந்தவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிப்பது) என்று டொக்டருக்குப் போன் அடித்துவிடுவார்கள். மணிக்கட்டில் விரலை வைத்தால் நாடி 46, ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். தேவைப்படுவது தாளத்தைச் சீராக்குகிற அமியோடரோன் இல்லை, நடுக்கத்துக்கான மயக்க மருந்தும் மக்னீசியமும்.

சரி, அப்போது எதற்குத்தான் பயப்படுவது? முதலாவது, 32-க்குக் கீழே நழுவிப் போவது. அங்கே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உண்மையிலேயே வரும், 28-ஐ அண்டினால் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (கீழறைகள் வெறுமனே துடிதுடித்து, இரத்தம் போவதே நின்றுவிடுவது), அதுவும் ஷொக் கொடுத்தாலும் லேசில் அடங்காதது. ஐஸ் வைத்துக் குளிரூட்டும்போது இப்படி நழுவுவது சுலபம், சேலைன் போத்தலை உறைய வைத்து, துணி சுற்றி, அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தால் அது எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வாட்டில் இருக்கிற சாதாரண மேர்க்கரி தெர்மோமீட்டர் 35-க்குக் கீழே காட்டாது, உணவுக் குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ வைக்கிற புரோப் இல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது கியூடி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறைகள் மின்னேறி மறுபடி தயாராக எடுக்கிற நேரம், ஈசிஜியில் அளப்பது. குளிரில் அது நீளும், 500 மில்லி செக்கனைத் தாண்டுவதும் உண்டு. அதனால் மட்டும் டோர்சாட் என்கிற ஆபத்தான வேகத் துடிப்பு வருவது அபூர்வம், ஆனால் அந்த நேரத்தில் ஹலோபெரிடோல், எரித்ரோமைசின் மாதிரி கியூடியை இழுக்கிற மருந்து மருந்துச் சீட்டில் இருந்தால் டொக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். ஈசிஜியில் துடிப்பின் உயரமான கூர்ப் பகுதியான கியூஆர்எஸ் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் திமில் எழும்புவதையும் காணலாம், 1953இல் அதை விவரித்த ஜோன் ஒஸ்போர்னின் பெயரால் ஒஸ்போர்ன் அலை என்பார்கள். மாரடைப்பில் வருகிற மாதிரி எஸ்டி கோடு ஏறிவிட்டது என்று பதற வேண்டாம், சூடேறும்போது அது தானாகப் போய்விடும்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் பயம் தருவது, திரும்பச் சூடேற்றுகிற நேரம். குளிரும்போது பொட்டாசியம் கலங்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, இரத்தப் பரிசோதனையில் 3 என்று குறைவாக வரும், ஆசையோடு ஏற்றிவிடுவோம். சூடேறும்போது உள்ளே போனதெல்லாம் வெளியே வரும், நாங்கள் ஏற்றியதும் அங்கேயே இருக்கும், இரண்டும் சேர்ந்து பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே குழம்பிவிடும். அதனால்தான் சூடேற்றத் தொடங்கும் முன்பே பொட்டாசியம் டிரிப்பை நிறுத்தச் சொல்கிறார்கள், மணித்தியாலத்துக்குக் கால் பாகை என்று மெதுவாக ஏற்றச் சொல்கிறார்கள். 33-இலிருந்து 36.5-க்கு வர 14 மணித்தியாலம், அதாவது ஒரு ஷிப்டில் முடியாது. கையளிக்கிறபோது இதைச் சொல்லாமல் போகக் கூடாது.

இந்தச் சிகிச்சையே இப்போது மாறிவிட்டது. 2002இல் வந்த இரண்டு ஆய்வுகள் 33 பாகைப் பக்கம் எல்லோரையும் திருப்பின, 2013இல் 36-உம் அதே பலன்தான் என்றார்கள், 2021இல் வந்த பெரிய ஆய்வில் குளிரூட்டியவர்களுக்கும், காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் இரத்தவோட்டத்தைக் குழப்புகிற அளவுக்குத் துடிப்புக் கோளாறு குளிரூட்டியவர்களில் 24 சதவீதம், மற்றவர்களில் 17. அதற்குப் பிறகு 37.5-க்கு மேல் போகாமல் பார்ப்பதே பல இடங்களில் இலக்கு. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், ஏசி ஒன்று நின்றுபோனால் அந்த 37.5-ஐப் பிடித்து வைப்பதே எங்கள் ஊரில் பெரிய வேலை, பரசிட்டமோல், ஈரத் துணி, ஃபேன் என்று இரவெல்லாம் நிற்க வேண்டும்.

33-க்கோ 36-க்கோ, எதற்குக் குளிரூட்டினாலும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஈசிஜி எடுத்தவுடன் தாளின் மூலையில் நேரத்துக்குப் பக்கத்தில் அந்த நேரத்து உடல் வெப்பத்தையும் பேனாவால் எழுதிவிடுங்கள். காலையில் ரவுண்ட்ஸ் வருகிற டொக்டருக்கு, 500 என்ற கியூடி 33 பாகையில் எடுத்ததா, 36.5-இல் எடுத்ததா என்று தெரியாவிட்டால், மருந்தை நிறுத்துவதா விடுவதா என்று முடிவெடுக்க முடியாது.