பாட்டியின் பல்லில் இருந்த கோடுகள்
பென்னாகரத்தில் பாட்டியின் முன்பற்களில் குறுக்காக ஓடிய பழுப்புக் கோடுகளை வெற்றிலைக் கறை என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். பாட்டியோ வெற்றிலையே போட்டதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பாறைகளிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலக்கும் ஃபுளோரைடு, பல் உருவாகும் பருவத்திலேயே எனாமல் என்ற பல்லின் மேற்பூச்சைக் கெடுத்து இப்படிப் பழுப்புக் கோடிட்டு, ஆண்டுக்கணக்கில் குடிப்போரின் எலும்பிலும் மூட்டிலும் படிந்து முதுகை விறைக்கச் செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய அளவுக்கும் குழந்தைகளின் குறைந்த நுண்ணறிவு ஈவுக்கும் (ஐ.க்யூ.) தொடர்பு உண்டு என, அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டத்தின் 2024 அறிக்கை மிதமான உறுதியுடன் கூறுகிறது; தொடர்பு என்பதே காரணம் ஆகிவிடாதுதான்.

கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும் என்பதை அம்மாவுக்குப் புரியவைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் வராத நாளில் இன்றும் போர் தண்ணீரைத்தான் குடத்தில் பிடிக்கிறோம்.