தேள் கொட்டியிருக்கா?

அறுவைக்கு முந்தைய நாள் வார்டுக்குப் போய் நோயாளிகளிடம் மயக்க மருத்துவராக நான் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை பாடப்புத்தகத்தில் இருப்பவை. சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, வீசிங் வருமா, ஆடுகிற பல் ஏதாவது உண்டா. கடைசியாகக் கேட்பது மட்டும் சீனியர்களிடமிருந்து வாய்வழியாக வந்தது: "எப்பவாவது தேள் கொட்டியிருக்காம்மா?"

எங்கள் வட்டாரம் வறண்ட பூமி. பலரும் தலையாட்டுவார்கள். "விறகு அடுக்கும்போது ரெண்டு தடவை கொட்டுச்சு டாக்டரம்மா. அதுக்கும் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கும் என்ன?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். தேள் கொட்டியவர்களுக்கு, மரக்கச் செய்ய முதுகில் போடும் ஊசி சரியாகப் பிடிக்காது என்று இந்திய மயக்க மருத்துவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. இதழ்களில் சில நோயாளி அறிக்கைகளும் வந்திருக்கின்றன.

தேளையும் என் ஊசியையும் இணைப்பது நரம்புச் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், சோடியம் சேனல். நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். நரம்பு ஓய்வாக இருக்கையில் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் நிற்கிறது. ஒரு தூண்டுதல் அதைச் சுமார் 55 வரை குறைத்தால் சோடியம் சேனல்கள் சட்டென்று திறக்கும். திறந்த ஒரு சேனல் வழியே நொடிக்கு ஒரு கோடி அயனிகள் என்ற வேகத்தில் சோடியம் உள்ளே பாயும். ஒரு மில்லிநொடிக்குள் உட்புறம் நேர்மின்னழுத்தத்துக்கு மாறிவிடும். உடனே அந்தச் சேனல் தானே அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் சேனல்கள் திறந்து பழைய நிலையைக் கொண்டுவரும். அதற்குள் அடுத்த இடத்துச் சேனல்கள் திறந்திருக்கும். வலி, சூடு, தொடுகை எல்லாம் நரம்பில் இப்படித்தான் நகர்கின்றன.

செந்தேள் விஷம் இந்தச் சேனலின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அது தானே அடைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. நரம்பு ஓயாமல் சமிக்ஞை அனுப்புகிறது. வியர்வை கொட்டி, கைகால் சில்லிட்டு, ரத்த அழுத்தம் எகிறி, கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொண்டுபோகும். மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும்வரை இதற்கு உருப்படியான மருந்தே இல்லை. நான் முதுகில் செலுத்தும் மரப்பு மருந்தான பூப்பிவக்கெய்ன் நேர் எதிர்வேலை செய்கிறது. சேனலின் துளைக்குள் உட்பக்கமாகப் போய் உட்கார்ந்து, சோடியம் பாயாமல் மறிக்கிறது.

சரி, என்றோ கொட்டிய தேள் இன்றைக்கு என் ஊசியை எப்படித் தோற்கடிக்கும்? இரண்டும் ஒட்டும் இடங்கள் வேறு. நரம்பு தன் சேனல் புரதங்களை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்புப் புரதங்கள் உருவாகியிருக்கலாம், சேனலின் வடிவம் மாறியிருக்கலாம் என்றெல்லாம் சொல்கிறார்கள், எதுவும் நிரூபணமாகவில்லை. எனக்குப் பாதி நம்பிக்கைகூட இல்லை. ஊசி சரியான இடத்தில் இறங்கவில்லை என்பதைவிடத் தேள்மேல் பழிபோடுவது சுலபம்.

ஆனாலும் கேட்பதை நான் நிறுத்தவில்லை. காரணம் தெரிவதற்கு முன்பே பலனைக் கையாண்டுதான் எங்கள் துறை வளர்ந்தது. 1884-இல் கார்ல் கோலர் கண்ணில் கொக்கெய்ன் விட்டு மரக்கச் செய்தார். 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டு நீரில் கொக்கெய்ன் செலுத்தினார். தன் உதவியாளரோடு சேர்ந்து தன் உடம்பிலும் சோதித்துத் தலைவலியோடு படுத்தார். சோடியமும் பொட்டாசியமும் மாறிமாறிச் சவ்வைக் கடப்பதுதான் நரம்பின் மின்சாரம் என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பில் அளந்து கணக்காக எழுதியது 1952-இல். தனி ஒரு சேனலின் மின்னோட்டத்தை எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் பதிவு செய்தது 1976-இல். பியருக்கு இவை எதுவும் தெரியாது. அவர் போட்ட ஊசி பிடித்தது.

முதலாண்டில் மனப்பாடம் செய்து மறந்த இந்தச் சேனல் படங்களெல்லாம் ஆபரேஷன் தியேட்டரில்தான் எனக்கு உயிர்பெற்றன. ஸ்பைனல், அதாவது முதுகு ஊசி, போட்டதும் நோயாளி முதலில் சொல்வது "கால் கதகதன்னு இருக்கு" என்பதுதான். ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய நரம்புகள் முதலில் அடங்குகின்றன, குழாய்கள் விரிகின்றன, மானிட்டரில் பிரஷர் இறங்குகிறது. என் கண் அப்போது நோயாளியின் முகத்தில் பாதி, மானிட்டரில் பாதி. அடுத்து ஸ்பிரிட் பஞ்சை வயிற்றில் வைத்தால் ஜில்லிப்பு தெரியாது. பிறகு வலி போகும். தொடுகையும் அசைவும் கடைசி. இந்த வரிசையை முன்கூட்டியே சொல்லாவிட்டால் சிசேரியன் மேசையில் படுத்திருக்கும் பெண் பதறிப்போவாள். "தொடுறது தெரியுது டாக்டர், இன்னும் பிடிக்கல, வெட்டிராதீங்க!" அவள் சொல்வது உண்மை. இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், கத்தி தெரியாது. இதை முந்தைய நாளே பொறுமையாகச் சொல்லிவிட்டால் மேசையில் பாதிப் பயம் குறைகிறது.

சீழ்க்கட்டி வேறு கதை. "ஊசி போட்டும் உயிர் போகுதே" என்று கத்துபவர்களைக் கோழை என்று திட்டும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து மின்னூட்டம் இல்லாத வடிவில்தான் சவ்வின் கொழுப்பைத் தாண்டி உள்ளே போகும். போனபிறகு மின்னூட்டம் பெற்றுச் சேனலை அடைக்கும். சீழ் பிடித்த சதையில் அமிலத்தன்மை அதிகம் என்பதால் மருந்து வெளியிலேயே மின்னூட்டம் பெற்று நின்றுவிடுகிறது. கட்டிக்குள் குத்தாமல் சுற்றிலும் நல்ல சதையில் போட வேண்டும், அல்லது ஆளைத் தூங்கவைக்க வேண்டும்.

சோடியம் சேனலில் ஒன்பது வகை உண்டு. எங்கள் மருந்துகள் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பூப்பிவக்கெய்ன் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் இதயத்தின் சேனல்களையும் கவ்வும், எளிதில் விடாது. அதற்காகவே 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் ஒன்று அலமாரியில் தயாராக இருக்கும். அதன் காலாவதித் தேதியை நானே பார்ப்பேன். வலியை மட்டும் அடைக்க முடியாதா என்ற தேடல், பாகிஸ்தானில் வலியே அறியாத சில குடும்பங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரையிலிருந்து சூடுபிடித்தது. அவர்களுக்கு நேவ் 1.7 என்ற வகை வேலை செய்யவில்லை. ஆய்வுக்குக் காரணமான சிறுவன் தெருவில் தணல்மேல் நடந்து காட்டுபவன். கூரையிலிருந்து குதித்து, பதினான்கு வயது நிறைவதற்குள் இறந்துபோனான்.

நேவ் 1.7-ஐக் குறிவைத்த மருந்துகள் பெரிதாகத் தேறவில்லை. நேவ் 1.8-ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்கள் மருந்துக் கிடங்கில் அதை நான் பார்த்ததில்லை. அறுவை முடிந்ததும் பாராசிட்டமாலும் டிராமடாலும்தான் எழுதுகிறேன். ஸ்பைனலின் மரப்பு விலகும்போது கால்விரல் அசைவு முதலில் வரும், வலி சற்றுப் பின்னால் வரும். அதனால் வார்டு சிஸ்டர்களிடம், விரல் அசைந்ததுமே மருந்தைக் கொடுத்துவிடுங்கள், அந்தம்மா வலிக்குது என்று கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவைக்கிறேன்.