பல கேலண்டர், ஒரே ஹேண்ட்லர்: செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

மைக்ரோசாஃப்டின் வலைப்பக்க நிரலாக்க முறையான ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸ் செய்முறைத் தேர்வில் கேலண்டர் கன்ட்ரோல் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும்: தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. நிரல் ஓடிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னைக் குடைந்ததெல்லாம் எந்த ஈவென்ட் (நிரலுக்குத் தெரிவிக்கப்படும் நிகழ்வு) எப்போது நடக்கிறது என்பதைத்தான்.

டிசைனரில் கேலண்டரை டபுள் கிளிக் செய்தால் செலக்‌ஷன்சேஞ்ச்டு ஹேண்ட்லர், அதாவது தேர்வு மாறும்போது ஓடும் மெத்தட், தானே உருவாகும். நான்கு கேலண்டர் என்றால் நான்கு ஹேண்ட்லர், உள்ளே ஒரே நான்கு வரி. அதற்குப் பதில் ஒரே ஹேண்ட்லர் எழுதி, எல்லா கேலண்டரின் ஆன்செலக்‌ஷன்சேஞ்ச்டு பண்பிலும் அதன் பெயரையே கொடுக்கலாம். எந்தக் கேலண்டர் அழைத்தது என்பதை ஹேண்ட்லருக்கு வரும் செண்டர் என்ற பாராமீட்டர் சொல்லும். அதை கேலண்டர் வகைக்கு காஸ்ட் செய்து ஐடியைப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு கேலண்டருக்கும் வேலை முற்றிலும் வேறு என்றால் தனித்தனி ஹேண்ட்லரே நல்லது. ஒரே ஹேண்ட்லருக்குள் நீளமான இஃப்-எல்ஸ் ஏணி கட்டுவதில் எந்த லாபமும் இல்லை.

இனி வைவாவுக்குப் பிடித்த இடம். தொடக்கத் தேதிக்கு முந்தைய நாள்களை முடிவுக் கேலண்டரில் தேர்ந்தெடுக்க முடியாதபடி செய்யச் சொல்வார்கள். ஒவ்வொரு நாளின் கட்டத்தையும் உருவாக்கும்போது எழும் டேரெண்டர் ஈவென்டில் அந்த நாளின் ஈஸ்செலக்டபிள் பண்பை ஃபால்ஸ் ஆக்கினால் போதும். லிங்க் மறைந்து வெறும் எண் மட்டும் தெரியும். தொடக்கத் தேதி இப்போதுதானே மாறியது, முடிவுக் கேலண்டருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வரிசையைச் சொல்லுங்கள்: முதலில் பேஜ் லோட், பிறகு செலக்‌ஷன்சேஞ்ச்டு, அப்புறம் ப்ரீரெண்டர், கடைசியில் பக்கம் ரெண்டர் ஆகும்போதுதான் (எச்டிஎம்எல்லாக மாறும்போதுதான்) டேரெண்டர். அதனால் அது புதிய தேதியைத்தான் பார்க்கும். ஒரு மாதத்துக்கு 42 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முறை டேரெண்டர். அங்கே டேட்டாபேஸைத் தொடாதீர்கள். விடுமுறைப் பட்டியல் வேண்டுமென்றால் முன்பே ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லிங்க்பட்டன் போல ஈவென்ட் எழுப்பும் கன்ட்ரோலையும் அங்கே சேர்க்க முடியாது, அதற்கான நேரம் கடந்துவிட்டது.

சரி, முடிவுத் தேதி ஏற்கெனவே தேர்வாகியிருக்க, தொடக்கத் தேதியை அதற்கும் பின்னால் நகர்த்தினால்? முடிவுக் கேலண்டரின் செலக்டட்டேட்டை (தேர்வான தேதியை) நிரலிலேயே மாற்றுவோம். ஆனால் நிரலில் மாற்றினால் செலக்‌ஷன்சேஞ்ச்டு எழாது, பயனர் கிளிக் செய்தால்தான் எழும். ஆகவே தேதியைக் காட்டும் லேபிளைப் புதுப்பிக்கும் வேலையைத் தனி மெத்தடில் வைத்து, இரண்டு இடத்திலிருந்தும் அதை அழையுங்கள். தேர்வான அதே நாளை மறுபடி கிளிக் செய்தாலும் போஸ்ட்பேக் (பக்கம் சர்வருக்குப் போய்த் திரும்புவது) நடக்கும், ஆனால் ஈவென்ட் வராது. இதைக் கேட்டு மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு.

எதுவும் தேர்வாகாதபோது செலக்டட்டேட் நல் (வெற்று மதிப்பு) அல்ல. 0001 ஜனவரி 1, அதாவது டேட்டைம்.மின்வேல்யூ. நாள் வித்தியாசம் கணக்கிடும் முன் இரண்டு கேலண்டரிலும் இதைச் சோதியுங்கள். இல்லையென்றால் விடையாக லட்சக்கணக்கான நாள்கள் வந்து நிற்கும்.

பேஜ் லோடில் ஆரம்பத் தேதி வைத்தால் ஈஸ்போஸ்ட்பேக் ஃபால்ஸா என்ற சோதனைக்குள், அதாவது பக்கம் முதன்முறை வரும்போது மட்டும் ஓடும்படி, வையுங்கள். இது பழைய பாடம்தான். இருந்தும் "அடுத்த கேலண்டரைக் கிளிக் செய்தால் முதல் கேலண்டரின் தேதி பழையபடி ஆகிவிடுகிறது" என்று லேப் வகுப்பில் எழும் புலம்பலுக்கு நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

கேலண்டர்களை லூப்பில் உருவாக்கச் சொன்னால், ஒவ்வொரு போஸ்ட்பேக்கிலும் பேஜ் இனிட்டில் அதே ஐடியோடு மறுபடி உருவாக்கி ஹேண்ட்லரை இணைக்க வேண்டும். பட்டன் கிளிக்கில் மட்டும் உருவாக்கிவிட்டால், அடுத்த போஸ்ட்பேக்கில் அந்தக் கன்ட்ரோலே பக்கத்தில் இருக்காது. ஈவென்டைப் பெறுவதற்கு ஆளில்லை.