குதிரை ஈ இனங்காணல்: இதுவரை செய்து பார்த்தது

படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கால்நடைகளைக் கடித்து இரத்தம் குடிக்கும் குதிரை ஈயின் இனத்தைச் சொல்லிவிட முடியுமா என்று பார்க்கத்தான் இதில் இறங்கினேன். இப்போதைக்குத் தெரிந்தது இதுதான்: பேரினம் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி) வரைக்கும் படம் போதும், பெரும்பாலும். இனம் வரை போக வேண்டுமென்றால் ஈ கையில் வேண்டும். ஆனால் செத்துக் காய்ந்த ஈயில் காணாமல் போகும் ஒன்று படத்தில்தான் பத்திரமாக இருக்கிறது. அது கண்ணின் நிறமும் அதில் ஓடும் பட்டைகளும். அதனால் இப்போதெல்லாம் படம் இல்லாத ஈயைச் சேகரிப்பில் சேர்க்கவே மனம் வருவதில்லை.

குதிரை ஈக்கள் அடங்கிய டபானிடே குடும்பத்தில் உலகம் முழுக்க 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. முதலில், வந்திருப்பது அந்தக் குடும்பம்தானா என்று உறுதி செய்ய வேண்டும். தேனீ போல வேடமிடும் பூ ஈக்களும் பெரிய கண்ணோடுதான் இருக்கும். சிறகைப் பார்த்தால் சந்தேகம் தீரும்: குதிரை ஈயின் சிறகு நுனிக்கு அருகில் ஒரு நரம்பு இரண்டாகக் கிளைத்து, நுனியை நடுவில் வைத்து இரு பக்கமும் விரிந்து போகும். பாதத்தின் அடியில் இரண்டுக்குப் பதில் மூன்று மெத்தைகள் இருக்கும்.

பேரினம் பிரிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சிறகில் கரும்பட்டை, நீண்ட உணர்கொம்பு, கண்ணில் புள்ளிகள் என்றால் கிரைசாப்ஸ். சிறகு முழுக்கச் சாம்பல் நிறத்தில் வெள்ளைச் சுழிகள், உட்காரும்போது அதைக் கூரை போலச் சரித்து வைத்திருந்தால் ஹீமடோபோட்டா. உடல் தடித்து, உணர்கொம்பின் மூன்றாம் கணுவின் மேல்பக்கம் பல் போலத் துருத்திக்கொண்டிருந்தால் டபானஸ் பக்கம் போகலாம். கையில் ஈ இருந்தால் பின்கால் டிபியாவின் (தொடைக்கு அடுத்த நீண்ட துண்டு) நுனியையும் பார்த்துவிடுங்கள். கிரைசாப்ஸுக்கு அங்கே முள் உண்டு. மற்ற இரண்டுக்கும் கிடையாது.

சிக்கல் ஆரம்பிப்பது டபானஸுக்குள் நுழைந்த பிறகுதான். ஈ எவ்வளவு பெரியது என்பதை நம்ப முடியாது. புழுவாக இருந்தபோது சரியாகத் தின்ன முடியாமல் போன ஈ அதே இனத்திலேயே சிறியதாக வரும். முதுகிலும் வயிற்றிலும் உள்ள வெளிர் கோடுகள் மெல்லிய பொடியாலும் முடியாலும் ஆனவை. வயதான ஈயில் தேய்ந்து போயிருக்கும். சிறகு நரம்பில் தொங்கும் சின்ன வால்துண்டு ஒரே இனத்தில் சில ஈக்களுக்கு இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. நிலையாக நிற்பது நெற்றிதான்.

பெண் ஈயின் இரண்டு கண்களுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு ஒடுங்கிய பட்டை ஓடும், அதுதான் நெற்றி. அதன் அடியில் பளபளப்பான மேடு ஒன்று இருக்கும், காலஸ் என்பார்கள். சிலதில் அது சதுரமாக உட்கார்ந்து மேலே ஒரு கோடாக நீளும், சிலதில் துண்டாகவே நின்றுவிடும். பட்டையின் உயரத்தை அடி அகலத்தால் வகுத்தால் வரும் விகிதத்தைத்தான் பல கீகளும் (இனம் கண்டுபிடிக்க உதவும் கேள்வி-பதில் வழிகாட்டிகள்) கேட்கின்றன. விகிதம் என்பதால் மில்லிமீட்டர் கணக்கே வேண்டாம். மைக்ராஸ்கோப் வழியே எடுத்த படத்தைத் திரையில் வைத்து அளந்தாலே போதும். ஒரே நிபந்தனை, தலை துளியும் சாயக்கூடாது. சாய்ந்தால் பட்டை குட்டையாகத் தெரிந்து, விகிதம் வேறு இனத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். நான் வைத்திருக்கும் சோதனை இது: பட்டையின் உச்சியும் அடியும் ஒரே ஃபோகஸில் கூர்மையாக இருக்கிறதா? இல்லையென்றால் ஈயைக் குத்தி வைத்திருக்கும் ஊசியைத் திருப்பி மறுபடி படம்.

இந்த அளவெல்லாம் பெண்ணுக்குத்தான். ஆணுக்குக் கண்கள் உச்சியில் ஒட்டிக்கொண்டுவிடும், நெற்றிப் பட்டையே இல்லை. ஆண் கடிக்காது, அதனால் நம்மைத் தேடியும் வராது. பூக்களில்தான் பார்க்க வேண்டும். பல இனங்களுக்கு ஆண் எப்படி இருக்கும் என்றே எழுதப்படவில்லை.

சரி, கண்ணுக்கு வருவோம். அந்தப் பச்சையும் ஊதாவும் சாயமில்லை. கண்ணின் மேல்தோலில் உள்ள நுண்ணிய அடுக்குகள் ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறம். ஈ காய்ந்ததும் எல்லாம் மங்கிக் கறுத்துவிடும். அதனால் உயிரோடு இருக்கும்போதே முகத்தை நேரெதிரிலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்துவிடுகிறேன். ஃப்ளாஷ் நேரடியாகப் பட்டால் கண்ணில் வெள்ளைத் திட்டு விழுந்து பட்டை மறைந்துவிடும். முன்னால் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளைப் பிடித்தால் சரியாகிவிடுகிறது.

உயிரோடு எடுக்க முடியாமல் போன ஈக்கும் ஒரு வழி உண்டு. மூடி இறுக்கமான டப்பாவில் ஈரத் தாளைப் போட்டு, பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு சொட்டு கிருமிநாசினி விட்டு, காய்ந்த ஈயை ஊசியோடு ஒரு இரவு உள்ளே வைக்கிறேன். காலையில் லென்ஸை வைத்துப் பார்க்கும்போது, கரிக்கட்டையாக இருந்த கண்ணில் குறுக்கே பட்டைகள் தெளிந்து வந்திருக்கும். முழு நிறம் திரும்புவதில்லை. பட்டை எத்தனை, எங்கே என்று எண்ண அது போதும். வெளியே எடுத்ததும் மறுபடி மங்க ஆரம்பிக்கும். கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

கண் எவ்வளவு உதவும் என்பதற்கு ஐரோப்பாவின் டபானஸ் போவினஸ், டபானஸ் சுடெட்டிக்கஸ் ஜோடியைச் சொல்லலாம். இரண்டும் பெரியவை, பழுப்பு நிறம், வயிற்றின் நடுவில் வெளிர் முக்கோண வரிசை. உயிரோடிருந்தால் போவினஸின் கண் பச்சை, சுடெட்டிக்கஸுக்குச் செம்பு கலந்த பழுப்பு. காய்ந்த பிறகு முக்கோணத்தைத்தான் பார்க்க வேண்டும்: போவினஸில் அது ஒடுங்கி உயர்ந்து அந்தந்த வயிற்று வளையத்தின் முன்விளிம்பைத் தொடும், மற்றதில் பாதியிலேயே முடியும்.

ஆசிய ஈக்களில் இதைவிடக் குழப்பமான கூட்டம் டபானஸ் ஸ்ட்ரையேட்டஸ். கால்நடைகளுக்கும் குதிரைக்கும் வரும் சர்ரா நோயின் ஒட்டுண்ணியைப் பரப்பும் ஈக்கள் என்பதால், இந்தப் பெயர் கால்நடை மருத்துவக் கட்டுரைகளில் நிறையவே அடிபடும். ஆனால் ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடைந்து கிடந்தன; 1981-ல் பர்கர், தாம்சன் என்ற இரண்டு பூச்சியியலாளர்கள் அதைப் பிரித்து எழுதினார்கள். அதற்கு முந்தைய லேபிளில் ஸ்ட்ரையேட்டஸ் என்றிருந்தால், அது இன்றைய ஸ்ட்ரையேட்டஸ்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வயிற்றில் கோடு போட்ட ஈ எனக்குக் கிடைத்தால் ‘ஸ்ட்ரையேட்டஸ் கூட்டம்’ என்று எழுதி வைத்து, நெற்றியை அளந்த பிறகே மேலே போகிறேன்.

பதப்படுத்துவதில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஃப்ரீசரில் வைத்தாலே ஈ அடங்கிவிடும். சாராயத்தில் போட வேண்டாம், மேல்பொடி கலைந்துவிடும். ஊசியை மார்பின் நடுவில் குத்தாமல் சற்று வலப்புறம் தள்ளிக் குத்தினால் இடப்பக்க அடையாளங்கள் முழுதாகத் தப்பிக்கும். லேபிளில் இடம், தேதி, பிடித்தவர் பெயர், இவற்றோடு கண் படத்தின் எண்ணும். இந்தக் கடைசி ஒன்று நான் சேர்த்துக்கொண்டது. எந்தக் கண் எந்த நெற்றிக்கு உரியது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

இப்போதைக்கு என் பெட்டியில் கிரைசாப்ஸ் வரிசைக்கு முழுப் பெயர் கிடைத்துவிட்டது. டபானஸ் வரிசையில் பாதிக்கு மேல் பேரினப் பெயரோடு நிற்கின்றன, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஹீமடோபோட்டாவை இன்னும் தொடவில்லை. உணர்கொம்பின் முதல் கணு எவ்வளவு தடித்திருக்கிறது என்பதும் சிறகின் சுழிகளும் அங்கே முக்கியம், அதனால் அடுத்து சிறகைத் தட்டையாக வைத்துப் பின்னொளியில் படமெடுக்க ஒரு சின்னக் கண்ணாடி மேடை செய்துகொண்டிருக்கிறேன்.