பழைய டொயோட்டா ஹைலக்ஸ், 50 மில்லிமீட்டர் உயர்த்த

ஜூன் 3
முன் இடது 462, வலது 451. பின் இடது 498, வலது 494. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, மில்லிமீட்டரில். டேங்க் நிறைய, தரை மட்டம். முன்னால் அந்த 11 உறுத்துகிறது.

ஜூன் 4
என் ஹைலக்ஸ் எல்.என்.106 மாடல். அதில் முன்னாலும் கெட்டி ஹவுசிங் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சில் குழாய்), பட்டை ஸ்பிரிங். அதுவரை நிம்மதி. டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கேறித் தாங்கும் கம்பி) வண்டியென்றால் பாரை முறுக்கிவிட்டு லிஃப்ட் என்று காசு வாங்குவார்கள். உயரம் வரும், சக்கரம் கீழே இறங்க இடம் இருக்காது. குழிக்குக் குழி டொக் டொக்.

ஜூன் 6
ஒரு கடையில் 4 இஞ்ச் கிட் காட்டினார்கள். பிரித்தால் பின்னுக்குப் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் வைக்க இரண்டு கட்டை, முன்னுக்கு நீளமான ஷேக்கிள் (பட்டை முனையைச் சேஸோடு கோக்கும் ஆடும் இணைப்பு). அவ்வளவுதான் கிட்!

ஷேக்கிளை 2 இஞ்ச் நீட்டினால் வண்டி 1 இஞ்ச்தான் ஏறும். கூடவே ஹவுசிங் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறும், ஸ்டியரிங் நேராக நிற்காது. பின்னால் கட்டை வைத்தால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஹவுசிங் பட்டையை எஸ் போல முறுக்கும். கட்டை உயர உயர முறுக்கும் கூடும். முன்னால் கட்டை வைக்கவே கூடாது. பிரேக் போடும் இழுப்பு முழுக்க அதன் தலையில்தான் விழும்.

ஜூன் 7
எடை மேடை. காலி வண்டிக்கும் தினமும் ஓடும் வண்டிக்கும் வித்தியாசம் 180 கிலோ, ஏறக்குறைய முழுவதும் பின்னால். எத்தனை இஞ்ச் என்பதை அப்புறம் பார்க்கலாம், எத்தனை கிலோ என்பதுதான் முதல் கேள்வி. 300 கிலோ நிரந்தரப் பாரத்துக்கு அடித்த பட்டையை இதில் போட்டால் அது மடங்கவே மடங்காது. வருஷத்தில் இரண்டு தடவை ஏற்றும் சுமைக்காகப் பட்டை வாங்கக் கூடாது. நடுத்தர ரகம் போதும். முன்னால் வின்ச் (கம்பி வடம் சுற்றும் இழுவைப் பொறி) இல்லை, புல் பார் என்னும் காப்புச் சட்டம் மட்டும்.

ஜூன் 9
மழை. 11 மில்லி பெய்தது.

ஜூன் 12
பின் ஹவுசிங்கிலிருந்து சேஸுக்கு ஒரு கம்பி போகிறது. கம்பி முனையில் இருக்கும் வால்வு, பின்னால் எவ்வளவு சுமை என்று பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் பிரித்துக் கொடுக்கும். வண்டியை 50 உயர்த்தினால் கம்பி 50 தொங்கும். காலி வண்டி என்று வால்வு நம்பிவிடும். பின் பிரேக் குறைந்துவிடும், மூக்கு குத்தி நிற்கும், முன் பேட் சீக்கிரம் தேயும். ஹவுசிங் பக்கத்துப் பிராக்கெட்டையும் அதே 50 உயர்த்த வேண்டும். பிரித்துப் பார்த்த எந்தக் கிட்டிலும் அந்தத் துண்டு இல்லை. பிரேக் சமாச்சாரம், அதைப் போய் விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 13
குயின்ஸ்லாந்தில் ஸ்பிரிங்குக்கு 50, டயருக்கு 25, ஆக 75 வரை உயர்த்தச் சான்று தேவையில்லை. 31x10.5ஆர்15 டயர் போட்டால் 205ஆர்16-ஐவிடக் குறுக்களவு 45 மில்லிக்குள்தான் கூடும், உயரத்தில் அதில் பாதி. 50-க்கு மேல் யோசனையே வேண்டாம்.

ஜூன் 14
பிளாஸ்க், மாவாட்டும் கல், கூடாரம். இதெல்லாம் நிரந்தரப் பாரமா? கல்லை எடுத்துவிட்டால் 180 என்பது 165.

ஜூன் 18
புதுப் பட்டைப் பெட்டி வந்தது. முன் பட்டை இரண்டும் ஒன்றுபோல இல்லை. ஒன்றில் வலது என்று சீட்டு, வளைவு சற்று அதிகம். இதற்குத்தான் இத்தனை நாள். பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட் புதிதாக எட்டு இருக்கிறது. பழசை மறுபடி முறுக்கக் கூடாது, ஒருமுறை இழுபட்ட மரை திரும்பப் பிடிக்காது.

ஜூன் 21
பழைய ஷேக்கிள் பின்னைத் தட்டி எடுத்தபோது புஷ் ரப்பர் கருப்புப் பொடியாகக் கொட்டியது. பட்டைகள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டி ஒரே கம்பியாக நின்றிருக்கின்றன. 

ஷேக்கிள் நட்டை வண்டி தொங்கும்போது இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகுதான். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழியும். முன் பிரேக் ஹோஸைச் சக்கரம் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தாயிற்று. இடதில் விறைப்பு. நீளமான ஹோஸ் வேண்டும்.

ஜூன் 22
முன் இடது 513, வலது 510. வித்தியாசம் மூன்று!

ஜூன் 24
ஹோஸ் மாற்றி, காற்றெடுத்து, ஓட்டம். கிளம்பும்போது முதல் கியரில் ஒரு நடுக்கம், 20-க்குள் மறைகிறது. பின் ஹவுசிங்குக்குப் போகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடு பேரிங் பழைய உயரத்திலேயே நிற்கிறது. 10 மில்லி வாஷர் வைத்து இறக்கினால் போகலாம்.

ஜூன் 25
10 போதவில்லை. 15.

ஜூன் 27
500 கிலோமீட்டருக்கு இன்னும் 140 பாக்கி. அப்போது யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். வலது 509.